அப்பீலில் எதைக் கேட்பது: விடுதலையையா, தண்டனைக் குறைப்பையா?

மகனுக்காக அப்பீல் போட வந்த அந்த அம்மா மஞ்சள் பையிலிருந்து எடுத்துக் கொடுத்த தீர்ப்பு நகலில் கடைசிப் பக்கம் மட்டும் கசங்கிப் போயிருந்தது. மற்ற பக்கங்கள் புதுசு குலையாமல் இருந்தன. வீட்டில் ஆளாளுக்குத் திரும்பத் திரும்பப் படித்தது அந்தக் கடைசிப் பக்கத்தைத்தான். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் பிரிவு 6-ன் கீழ் 20 ஆண்டுகள் கடுங்காவல் சிறைத் தண்டனை, அபராதம், அபராதத்தைக் கட்டத் தவறினால் மேலும் 6 மாதம். "சார், விடுதலை எல்லாம் நாங்க கேக்கல. தண்டனையைக் கொஞ்சம் குறைச்சுக் குடுத்தாங்கன்னா போதும்" என்றார்.

கேட்க அடக்கமாக இருக்கும் இந்தக் கோரிக்கை, பாலியல் குற்ற வழக்குகளில் பெரும்பாலும் நிறைவேறாத ஒன்று. முழு விடுதலையைவிடத் தண்டனைக் குறைப்பு சுலபமாகக் கிடைக்கும் என்ற கணக்கு அடிதடி வழக்குக்கும் திருட்டு வழக்குக்கும் சரி. போக்சோவிலும் பாலியல் வல்லுறவு வழக்கிலும் அது பல சமயம் தலைகீழாகிவிடும்.

காரணம், குறைந்தபட்சத் தண்டனை. பிரிவு 6 (கூடுதல் அம்சமுள்ள உட்புகுத்தல் குற்றம்) என்றால் இன்றைய சட்டப்படி 20 ஆண்டுகளுக்குக் கீழே எந்த நீதிமன்றமும் கொடுக்க முடியாது. பிரிவு 4 (உட்புகுத்தல் மட்டும்) என்றால் 10 ஆண்டு. குழந்தை 16 வயதுக்குக் கீழே என்றால் 20. உட்புகுத்தல் இல்லாத பாலியல் தாக்குதலில், கூடுதல் அம்சம் இருந்தால் வரும் பிரிவு 10-க்கு 5, இல்லாவிட்டால் வரும் பிரிவு 8-க்கு 3. விசாரணை நீதிபதி குறைந்தபட்சத்தையே கொடுத்திருந்தால், உயர் நீதிமன்ற நீதிபதிக்கு மனம் இளகினாலும் குறைக்க இடமில்லை. வயது வந்த பெண்ணுக்கு எதிரான வல்லுறவு வழக்கில் முன்பு ஒரு வாசல் இருந்தது: போதுமான, சிறப்பான காரணங்களை எழுதி வைத்துவிட்டு நீதிபதி குறைந்தபட்சத்துக்குக் கீழே இறங்கலாம். 2013-ல் வந்த திருத்தம் அந்த வாசலை அடைத்துவிட்டது. 2018 ஏப்ரலில் குறைந்தபட்சமே 7-லிருந்து 10 ஆண்டாக ஏறியது. "முதல் குற்றம், சின்ன வயசு, வயசான அம்மா" என்று எழுதும் காரணங்கள் எல்லாம் குறைந்தபட்சத்துக்கு மேலே இருக்கும் பகுதியை மட்டும்தான் தொட முடியும்.

அப்படியானால் தண்டனையை மட்டும் எதிர்த்து வாதாடுவதில் பயனே இல்லையா? சில வழக்குகளில் இருக்கிறது. ஆயுள் முழுக்க, அதாவது இயற்கை மரணம் வரை சிறை என்று தீர்ப்பானால், அங்கிருந்து 20 ஆண்டுக்கு இறங்க வழி இருக்கிறது. இரண்டு மூன்று பிரிவுகளில் தண்டனை கொடுத்து, "ஏக காலத்தில் அனுபவிக்க வேண்டும்" (எல்லாம் ஒரே நேரத்தில் ஓட வேண்டும்) என்ற வரி தீர்ப்பில் விடுபட்டிருந்தால், ஒன்றன்பின் ஒன்றாக அனுபவிக்க வேண்டும் என்று எடுத்துக்கொள்ள இடமுண்டு. அந்த ஒரு வரியைச் சேர்த்து வாங்குவதே பல ஆண்டுகளை மிச்சப்படுத்தும். ரிமாண்டில் இருந்த நாட்களைக் கழித்துக்கொள்ளும் வரியும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது சம்பவத் தேதி. போக்சோவில் இப்போதிருக்கும் கடுமையான தண்டனைகள் 2019 ஆகஸ்ட் 16-ல் நடைமுறைக்கு வந்தவை. அதற்கு முன் பிரிவு 4-க்குக் குறைந்தபட்சம் 7, பிரிவு 6-க்கு 10. குற்றம் நடந்த அன்று சட்டம் என்ன தண்டனை சொன்னதோ அதற்கு மேல் கொடுக்கக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 20(1)-வது உறுப்பு. ஆனால் விசாரணை முடியும்போது நீதிபதியின் மேஜையில் இருப்பது புதிய சட்டப் புத்தகம். 2019 மே மாதத்தில் நடந்த ஒரு குற்றத்துக்குத் திருத்தப்பட்ட சட்டப்படி இயற்கை மரணம் வரை சிறை என்று கொடுத்த தண்டனையை, 2025-ல் உச்ச நீதிமன்றம் இந்தக் காரணத்தாலேயே சாதாரண ஆயுள் தண்டனையாக மாற்றியது. குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே நின்றது.

அதனால்தான் கடைசிப் பக்கத்தை மடித்து வைத்துவிட்டு அந்த அம்மாவின் கையிலிருந்த நகலில் இரண்டாவது பக்கத்தைத் திருப்பினேன். குற்றச்சாட்டில் சம்பவ மாதம்: 2019 ஜூன்.

20 ஆண்டு என்பது பழைய சட்டத்தின் வரம்புக்குள்ளும் வரும். பழைய பிரிவு 6-ம் 10 ஆண்டிலிருந்து ஆயுள் வரை போகக்கூடியதுதான். ஆனால் "இதற்குக் கீழே கொடுக்க எனக்கு அதிகாரமில்லை" என்று எழுதிவிட்டு நீதிபதி 20 கொடுத்திருக்கிறார். அந்த வாக்கியம் தவறு. தண்டனைக் குறைப்புக்கு நிஜமான வாதம் என்றால் இப்படித்தான் இருக்கும். வீட்டுக் கஷ்டத்தை ஐந்து பத்தி எழுதுவது அதற்கு ஈடாகாது.

இரண்டு வழிகளுக்கும் நடுவே, யாரும் கேட்டு வராத ஒரு வழி இருக்கிறது. சம்பவத்தை முழுக்க மறுக்காமல், அது எந்தப் பிரிவில் வரும் என்பதை எதிர்ப்பது. பிரிவு 6 வர வேண்டுமென்றால், சம்பவத்தோடு சேர்த்து ஒரு கூடுதல் அம்சத்தையும் அரசுத் தரப்பு நிரூபித்தாக வேண்டும்: குழந்தை 12 வயதுக்குக் கீழே, எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) நெருங்கிய உறவினர், திரும்பத் திரும்ப நடந்தது, கர்ப்பம் என்று ஏதாவது ஒன்று. அது நிரூபணமாகாவிட்டால் பிரிவு 4-க்கு இறங்கும். உட்புகுத்தல் நடந்ததற்கே சாட்சியம் போதாது என்றால் பிரிவு 10 அல்லது 8. குறைந்தபட்சம் 20 என்பது 5-க்கோ 3-க்கோ வந்துவிடும். தண்டனைக் குறைப்பு என்று கேட்டுக் கிடைக்காதது, பிரிவு மாற்றம் என்று கேட்டால் கிடைக்கிறது. என் அனுபவத்தில் அப்பீல்களில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும், பேசினால் நீதிபதிகள் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்பதும் இதுதான்.

இதையும் வார்த்தை ஜாலத்தில் சாதிக்கப் பார்த்தால் நிலைக்காது. உடைக்கு மேலே தொட்டது போக்சோவில் வராது, தோலோடு தோல் பட்டால்தான் வரும் என்று 2021 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை ஒரு வழக்கைச் சிறிய பிரிவுக்கு இறக்கியது. அதே ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதைத் தூக்கி எறிந்து, பாலியல் நோக்கம்தான் முக்கியம் என்று சொல்லி பிரிவு 8-ஐத் திரும்பக் கொண்டுவந்தது. பிரிவு மாற்றத்துக்குச் சாட்சியத்தில் ஓட்டை வேண்டும். அகராதியில் தேடக் கூடாது.

முழு விடுதலைக்கு வாதாடும் வழிக்கு வருவோம். இங்கே கிரவுண்ட்ஸ் (அப்பீலுக்கான காரணங்கள்) எழுதும்போது எல்லோரும் முதலில் எழுதும் இரண்டு விஷயங்களுக்குத்தான் எடை குறைவு: புகார் தாமதமாகக் கொடுக்கப்பட்டது, உடம்பில் காயம் இல்லை. இரண்டையும் நீதிமன்றங்கள் பல பத்தாண்டுகளாக ஒதுக்கித் தள்ளி வருகின்றன. மானத்துக்குப் பயந்து குடும்பம் தயங்கும் என்பது நீதிபதிக்குத் தெரியும். பாதிக்கப்பட்டவரின் சாட்சியம் நம்பும்படி இருந்தால் வேறு யாரும் ஒத்துச் சொல்லத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 1996-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. அதனால் அ.சா.1 அல்லது அ.சா.2-ஆக (அரசுத் தரப்பின் முதல் அல்லது இரண்டாவது சாட்சியாக) வரும் அந்தக் குழந்தையின் சாட்சியத்தை, மாஜிஸ்திரேட்டிடம் கொடுத்த வாக்குமூலத்தோடும் முதல் புகாரோடும் வரிவரியாக ஒப்பிட்டுப் பார்க்காமல் விடுதலை பற்றி யாரும் வாக்குக் கொடுக்கக் கூடாது. தேதி மாறுவது, நேரம் மாறுவது சின்ன விஷயம். செயலே மாறியிருந்தால்தான் பெரிய விஷயம்.

எடையுள்ளது வயது நிரூபணம். பெண்ணுக்கு 17, 18 என்று இழுபறியாக இருக்கும் வழக்குகளில், வயது விழுந்தால் போக்சோவே விழுந்துவிடும். வயதை எப்படி நிரூபிக்க வேண்டும் என்பதற்கு இளைஞர் நீதிச் சட்டத்தின் 94-வது பிரிவில் ஒரு வரிசை இருக்கிறது: பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்று அல்லது மெட்ரிக் சான்று, இல்லையென்றால் மாநகராட்சி, நகராட்சி, பஞ்சாயத்து தரும் பிறப்புச் சான்று, அதுவும் இல்லையென்றால் எலும்பு முதிர்ச்சிப் பரிசோதனை. டி.சி. என்று நாம் சொல்லும் மாற்றுச் சான்றிதழ் அந்த வரிசையில் இல்லை. 2023 ஜூலையில் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் டி.சி.யை வைத்து மட்டும் வயதை முடிவு செய்ய முடியாது என்று சொல்லி உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. அந்த வழக்கில் மருத்துவப் பரிசோதனை பெண்ணுக்கு 18-க்கு மேல் என்று காட்டியிருந்தது. இதே வாதத்தை 9 வயதுக் குழந்தையின் வழக்கில் எழுதி வருகிற ஜூனியர்களும் உண்டு. அங்கே டி.சி. போனால் என்ன, வந்தால் என்ன?

போக்சோவின் 29-வது பிரிவு குற்றம் நடந்ததாக ஊகித்துக்கொள்ளச் சொல்வதால் அப்பீலே வீண் என்றும் சிலர் பயமுறுத்துவார்கள். அடிப்படை உண்மைகளை அரசுத் தரப்பு முதலில் நிலைநாட்டிய பிறகுதான் அந்த ஊகம் எதிரிக்கு எதிராகத் திரும்பும்.

"பொண்ணையே கட்டிக்கிட்டான் சார், குழந்தை இருக்கு" என்று வருகிற குடும்பங்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். 2022 மே மாதத்தில் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில், தாய்மாமனைக் கட்டிக்கொண்டு இரண்டு குழந்தைகளோடு வாழும் பெண்ணின் நிலையைப் பார்த்து உச்ச நீதிமன்றம் தீர்ப்பையும் தண்டனையையும் ரத்து செய்தது உண்மை. இதை முன்னுதாரணமாகக் கொள்ளக் கூடாது என்றும் அதே உத்தரவில் எழுதியது. மேற்கு வங்க வழக்கு ஒன்றில் 2023-ல் கல்கத்தா உயர் நீதிமன்றம் விடுதலை செய்ய, 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் குற்றவாளி என்ற தீர்ப்பை மீட்டெடுத்தது. பிறகு 2025 மே மாதத்தில் தண்டனை விதிக்காமல் விட்டது. இப்படி முடிப்பது அரசியலமைப்பின் 142-வது உறுப்பின்கீழ் உச்ச நீதிமன்றத்துக்கு மட்டும் இருக்கும் தனி அதிகாரம். உயர் நீதிமன்றத்துக்கு அது கிடையாது. இதை நம்பி இப்போது போய் அந்தப் பெண்ணின் வீட்டுக் கதவைத் தட்டி சமரசம் பேசுவது மகாத் தவறு. வல்லுறவு வழக்கில் சமரசம் தண்டனைக் குறைப்புக்குக் காரணமாகாது என்று 2013-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு அது இன்னொரு வதை. ஜாமீன் கிடைத்திருந்தால் அதுவும் ரத்தாகலாம்.

சரி, இந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டுமா? காகிதத்தில் வேண்டியதில்லை. அப்பீல் மனுவில் தீர்ப்பையும் தண்டனையையும் ரத்து செய்யக் கேட்டு, அது முடியாவிட்டால் சிறிய பிரிவு, அதுவும் இல்லாவிட்டால் தண்டனைக் குறைப்பு என்று மூன்றையும் எழுதலாம். அதுதான் வழக்கம். தேர்வு வருவது ஹியரிங் அன்று. "தண்டனையைப் பொறுத்த மட்டும் வாதாடுகிறோம்" என்று வக்கீல் சொல்லிவிட்டால், அந்த வரி உத்தரவில் ஏறிவிடும். அதன்பிறகு உச்ச நீதிமன்றம் போய் சம்பவமே நடக்கவில்லை என்று பேசுவது பெரும்பாடு. இந்த வார்த்தையைக் கட்சிக்காரர் சொல்லாமல் வக்கீல் சொல்லக் கூடாது. கட்சிக்காரர் என்றால் உள்ளே இருப்பவர். வெளியே ஃபீஸ் கட்டுகிற அண்ணனோ மாமாவோ கிடையாது. சிறையில் மனு போட்டு அவரைப் பார்த்து, நேரில் கேட்டு, முடிந்தால் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

தண்டனை நிறுத்தமா, சீக்கிர விசாரணையா

குடும்பங்களுக்கு இதுதான் அவசரம். அப்பீல் முடியும்வரை தண்டனையை நிறுத்தி வைத்து ஜாமீன் கேட்பதா, உள்ளே இருந்தபடியே அப்பீலைச் சீக்கிரம் எடுக்கச் சொல்லிக் கேட்பதா?

தண்டனை எத்தனை ஆண்டு என்பதைப் பொறுத்தது. பிரிவு 8-ல் 3 ஆண்டு என்றால், தீர்ப்பு நாள்வரை ஜாமீனில் இருந்தவருக்கு, அப்பீல் போடும் அவகாசத்துக்காகத் தண்டனை கொடுத்த நீதிமன்றமே தண்டனையை நிறுத்தி வைக்கலாம். தீர்ப்பு வாசித்த அன்றே, அதே அறையில் கேட்க வேண்டும். கேட்காமல் விட்டு, ஜெயில் வேன் கிளம்பிய பிறகு ஓடி வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். 4, 5 ஆண்டு என்றால் உயர் நீதிமன்றத்தில் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. நிறுத்தி வைக்காவிட்டால் அப்பீல் விசாரணைக்கு வருவதற்குள் தண்டனையே முடிந்துபோகும். இந்த நியாயத்தைச் சொல்லித்தான் 2025 ஆகஸ்டில், போக்சோ பிரிவு 8 உள்ளிட்ட பிரிவுகளில் 4 ஆண்டு தண்டனை பெற்றவருக்குத் தண்டனை நிறுத்தம் மறுத்த உத்தரவை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதே ஆகஸ்டில், 20 ஆண்டு தண்டனை பெற்ற ராஜஸ்தான் போக்சோ வழக்கில் உயர் நீதிமன்றம் கொடுத்திருந்த ஜாமீனை அதே உச்ச நீதிமன்றம் பறித்தது. பார்த்த மாத்திரத்தில் தெரிகிற குறை தீர்ப்பில் இருக்க வேண்டும், சாட்சியத்தை அலசிக் குறை கண்டுபிடிப்பது அந்தக் கட்டத்து வேலை அல்ல என்பது அதன் காரணம்.

ஆகவே 20 ஆண்டு வழக்கில் ஜாமீன் மனுவுக்கே ஃபீஸ், அலைச்சல் எல்லாவற்றையும் கொட்டுவதை நான் ஆதரிப்பதில்லை. ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். கிடைக்காவிட்டால், கீழ்க் கோர்ட் ஆவணங்களை வரவழைத்து, டைப் செட் (நீதிபதிக்குக் கொடுக்கும் தட்டச்சு ஆவணத் தொகுப்பு) தயார் செய்து, இறுதி விசாரணைக்குத் தேதி கேட்பதே மேல். வல்லுறவுப் பிரிவுகளில் தண்டனை பெற்றவரின் அப்பீலை 6 மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. நடைமுறையில் அது இழுக்கும். ஆனாலும் தேதி கேட்டுக் கொடுக்கும் மெமோவில் அந்தப் பிரிவைக் காட்டிக் கேட்கும்போது கேட்பதற்கு ஒரு பலம் இருக்கிறது.

ஜாமீனில் வெளியே இருக்கும் காலம் தண்டனைக் கணக்கில் சேராது என்பதையும் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. 6 ஆண்டு வெளியே இருந்து, கல்யாணம் காட்சி எல்லாம் ஆகி, அப்பீல் தள்ளுபடியானால் மிச்சத் தண்டனையை முழுதாகக் கழிக்க வேண்டும். அப்புறம், நிறுத்தி வைப்பது தண்டனையைத்தான். குற்றவாளி என்ற தீர்ப்பு நிற்கும். அரசு வேலையில் இருப்பவரை அப்பீல் நிலுவையில் இருக்கும்போதே வேலையிலிருந்து நீக்கலாம் என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் ஒரு தமிழ்நாட்டு வழக்கில்தான்.

அப்பீல் போட்டால் தண்டனை கூடிவிடுமா

எதிரி மட்டும் போட்ட அப்பீலில் கூடாது. வீடு புகுந்து பெண்ணை மானபங்கம் செய்த வழக்கு ஒன்றில், எதிரியின் அப்பீலையே வைத்துக்கொண்டு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாக முன்வந்து பெரிய பிரிவிலும் தண்டித்தது. அரசோ பாதிக்கப்பட்டவர் தரப்போ அப்பீல் போடாதபோது அப்படிச் செய்ய முடியாது என்று 2025 ஜூனில் உச்ச நீதிமன்றம் அந்தப் பகுதியை ரத்து செய்தது.

எதிர்த் தரப்புக்கும் வழிகள் இருக்கின்றன. தண்டனை போதாது என்று அரசு அப்பீல் போடலாம். பாதிக்கப்பட்டவர் தரப்பு, சிறிய பிரிவில் தண்டித்ததை எதிர்த்தும், விடுதலையை எதிர்த்தும், இழப்பீடு போதாது என்றும் போடலாம். தண்டனையின் அளவு போதாது என்று மட்டும் அவர்களால் போட முடியாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தக் குழந்தையின் பெற்றோர் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒன்று: எதிரியின் ஜாமீன் மனுவில் உங்களையும் கேட்கச் சொல்லி நிற்கலாம். அரசு வக்கீல் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாதீர்கள். குழந்தைக்கு வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை போக்சோ சட்டத்திலேயே இருக்கிறது, இலவசமாகவும் கிடைக்கும்.

தனி வக்கீலா, ஜெயில் அப்பீலா

தீர்ப்பு நகல் இலவசம். சிறைத் தண்டனை என்றால் அன்றே கொடுக்க வேண்டும். உள்ளே இருப்பவர் கண்காணிப்பாளர் வழியாக அப்பீல் அனுப்பலாம், அதற்குச் செலவில்லை. காவலில் இருப்பவருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் சட்ட உதவி வக்கீல் உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். நகையை அடகு வைத்து, முன்பின் தெரியாத ஒரு பெரிய பெயரைப் பிடித்து, அந்தப் பெரிய பெயர் டெபாசிஷனை (சாட்சிகள் கோர்ட்டில் சொன்னதின் பதிவை) புரட்டாமல் வந்து நிற்பதைவிட, முழு ஆவணத்தையும் படித்த சட்ட உதவி வக்கீல் மேல். தனி வக்கீல் வைப்பதானால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "குழந்தையின் குறுக்கு விசாரணையைப் படித்துவிட்டீர்களா?"

உயர் நீதிமன்றத்தில் அப்பீலுக்கு 60 நாள். நகலுக்கு மனு போட்டு வாங்கிய நாட்கள் கழிந்துபோகும். தாண்டினாலும் தாமதத்துக்குக் காரணம் காட்டி மனு போடலாம். ஆனால் காரணத்துக்கு ஆதாரம் கேட்பார்கள்.

அந்த அம்மா வந்தது 47-வது நாள். மறுநாள் புழலில் மனு போட்டு மகனைப் பார்த்தேன். சம்பவத் தேதி வாதத்தையும் மற்ற இரண்டு வழிகளையும் விளக்கி, எதைப் பேசட்டும் என்று கேட்டேன். ரொம்ப நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தேதியை மட்டும் பேசுங்க சார்" என்றான். ஏன் என்று நான் கேட்கவில்லை. வக்காலத்தில் கையெழுத்துப் போட்டான். ஜெயிலர் அத்தாட்சி வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது அம்மா கேட் அருகே மஞ்சள் பையோடு நின்றுகொண்டிருந்தார்.